கடலும் நம் பிள்ளைகளும்



ஆண்டு விழா மலரில் ஆசிரியர் ஒருவர் எழுத முற்பட்டால், தாய்மொழியின் சிறப்பையோ திருக்குறளின் பெருமையையோ எழுதுவதே வழக்கம். அவற்றை எழுத என்னிலும் தகுதி வாய்ந்தோர் நம் ஆசிரியர் குழாத்தில் உள்ளனர். நான் ஒரு சிறிய படிவத்தைப் பற்றி எழுத விரும்புகின்றேன்.

யேர்மன் பாடசாலைகளில் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் பயிலும் நம் பிள்ளைகள் சிலர் அப்படிவத்தை வீட்டுக்குக் கொண்டு வருகின்றனர். வகுப்பு முழுவதும் ஐந்து நாட்கள் பாய்மரக் கப்பலொன்றில் தங்கிப் பயணம் செய்யப் போகின்றது, பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று அதில் அச்சிடப்பட்டிருக்கும். நம் வீடுகளில் அப்படிவம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் சில நாள் காந்தத்தில் தொங்கும். பின்னர், ‘சம்மதமில்லை’ என்ற கட்டத்தில் ஒரு புள்ளடியுடன் திரும்பிச் செல்லும். பிள்ளை ஆணாயின் சில வேளைகளில் அனுப்புகின்றோம். பெண்ணாயின் அனுப்புவது அரிது.

தோழர்கள் கடலில் இருக்கும் அந்த வாரத்தில், போகாத பிள்ளை வேறொரு வகுப்பிலே கொண்டுபோய் இருத்தப்படுகின்றது. அங்கே அதற்குரிய பாடமும் இல்லை, பழகிய முகமும் இல்லை. தோழர்கள் திரும்பி வந்த பின்போ நிலைமை இன்னும் கடினம். அடுத்த இரண்டு மாதங்களுக்கு வகுப்பில் எழும் சிரிப்பொலி ஒவ்வொன்றும் அக்கப்பலைப் பற்றியதாகவே இருக்கும். நம் பிள்ளை அச்சிரிப்பின் வெளியே நிற்கும். சனிக்கிழமைகளில் அத்தகைய முகங்களை என் வகுப்பில் நான் கண்டிருக்கின்றேன். ஆகவே என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றேன். அப்படிவத்தில் நாம் கையொப்பமிட வேண்டும். மகனுக்கும் இட வேண்டும், மகளுக்கும் இட வேண்டும்.

முதலில் அக்கப்பல் எத்தகையது என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்வது நன்று. பெரும்பாலான வகுப்புகள் அயல்நாடான ஒல்லாந்துக்கே செல்கின்றன. அங்குள்ள ஐசல் ஏரி முன்பு கடலாக இருந்தது. 1932 இல் 32 கிலோமீற்றர் நீளமான அணையொன்றைக் கட்டி ஒல்லாந்தர் அதைக் கடலிலிருந்து பிரித்தனர். அவ்வேரியிலும், அணைக்கு அப்பாலுள்ள ஆழமற்ற வாடன் கடலிலும் பழைய சரக்குப் பாய்க்கப்பல்கள் இன்றும் ஓடுகின்றன. ஒரு காலத்தில் தானியமும் உருளைக்கிழங்கும் விறகுக்கான கரிமண்ணும் ஏற்றிய கப்பல்கள் அவை. இப்போது அவற்றின் சரக்கறைகளில் படுக்கைகள் அமைத்து இருபது முப்பது பேர் தங்கும்படி செய்திருக்கின்றனர். அடிப்பாகம் தட்டையானது. இரு பக்கத்திலும் மீனின் செட்டை போலப் பெரும் பலகைகள் தொங்கும். காற்று ஒரு பக்கமாகத் தள்ளும்போது மறுபக்கத்துப் பலகையை நீரில் இறக்கினால் கப்பல் வழி விலகாது.

தட்டையான அடிப்பாகம் ஏன்? வட கடலில் ஓதம் பெரிது. நம் யாழ்ப்பாணக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே இரண்டடிதான் வேறுபாடு. இங்கோ யேர்மனியின் வடகடற் கரையில் இரண்டு முதல் நான்கு மீற்றர் வரை நீர் ஏறி இறங்கும். நாளுக்கு இருமுறை கடல் பின்வாங்கிக் கிலோமீற்றர் கணக்கில் சேற்று நிலம் வெளிப்படும். தட்டைக் கப்பல் அச்சேற்றின் மேல் அமைதியாக அமர்ந்துகொள்ளும். பிள்ளைகள் ஏணி வழியே இறங்கிக் கடலின் அடித்தளத்தில் நடப்பர். ஆறு மணி நேரம் கழித்து நீர் திரும்பி வந்து கப்பலைத் தூக்கும். யுனெஸ்கோ 2009 இல் உலக மரபுச் சொத்தாக ஏற்றுக்கொண்ட நிலம் அது. சந்திரனின் ஈர்ப்பு விசையைக் கரும்பலகையில் வட்டம் வரைந்து கற்பித்தவன் நான். என் மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் அச்சேற்றில் நிற்கும் வாய்ப்பு இருந்திருப்பின், என் வட்டங்களுக்கு வேலை இருந்திராது.

கப்பலில் தலைவர் ஒருவரும் உதவி மாலுமி ஒருவரும் மட்டுமே இருப்பர். பாயை ஏற்றுவதும் இறக்குவதும் கயிறு சுற்றுவதும் பிள்ளைகளின் வேலை. பெரிய பாயை ஏற்ற எட்டுப் பேர் ஒரே கயிற்றைச் சேர்ந்து இழுக்க வேண்டும். அதில் கெட்டிக்காரன், கெட்டிக்காரனல்லாதவன் என்ற பேதம் இல்லை. சமைப்பதும் அவர்களே. அதற்கு முறை வகுத்துக் குழுக்களாகப் பிரிந்துகொள்கின்றனர். ‘பக்ஷாஃப்ற்’ என்பது அம்முறை வேலைக்கு யேர்மன் மாலுமிகள் வைத்துள்ள பெயர். வீட்டில் ஒரு தேநீர்க் கோப்பையைக் கழுவாத நம் மகன், அங்கே இருபத்தைந்து பேரின் தட்டுகளைக் கழுவுவான். நம் அன்னையர் இதை ஒரு காரணமாகவே கொண்டு கையொப்பமிடலாம்.

இனி நம் தயக்கத்துக்கு வருவோம். அதை நான் எள்ளி நகையாட மாட்டேன். கடல் நமக்கு என்ன செய்தது, கடலில் நமக்கு என்ன செய்யப்பட்டது என்பதை நம் தலைமுறை அறியும். 1985 மே 15 இல் நெடுந்தீவிலிருந்து சென்ற குமுதினிப் படகில் இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். தொண்ணூறுகளில் கிளாலிக் கடனீரேரியை இரவில் கடந்தவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வடக்கு கிழக்குக் கரைகளை அள்ளிச் சென்றது. 2009 இல் புதுமாத்தளன் கரையிலிருந்து காயமடைந்தோரைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் ஏற்றிச் சென்றதை நினைத்தாலே உறக்கம் கெடுவோர் உண்டு. வடமராட்சியில் வளர்ந்த என் போன்றோர், கடலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே மீன்பிடித் தடைக்கும் கடற்படைக்கும் அஞ்சிக் கரையில் நின்ற தலைமுறையினர். ‘கடல்’ என்றதும் தாயொருத்தி நெஞ்சில் கை வைப்பாளாயின் அதற்குக் காரணம் உண்டு.

ஆனால் இந்நாட்டவருக்கும் கடலின் நினைவு இனியதன்று. 1945 ஜனவரி 30 இல், போர் முனையிலிருந்து தப்பியோடிய அகதிகளை ஏற்றிய ‘வில்ஹெல்ம் குஸ்ற்லொவ்’ என்னும் கப்பல் பால்ரிக் கடலில் தாக்கி மூழ்கடிக்கப்பட்டது. பல்லாயிரம் பேர் இறந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. 1961 இல் பேர்லின் மதில் எழுந்த பின்னர், கிழக்கு யேர்மனியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அதே கடல் வழியே தப்ப முயன்றனர். மடக்குப் படகிலும் காற்றடித்த மிதவையிலும் புறப்பட்டனர், நீந்தியும் பார்த்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் நீரில் மாண்டனர். இன்று கோடைகாலத்தில் றொஸ்ரொக் நகரின் கரையில் நின்று பாருங்கள். அவர்களின் பேரப் பிள்ளைகள் எட்டு வயதில் ஒற்றைப் பாய்ப் படகில் தனியே ஏறிக்கொண்டு காற்றைப் பழகுகின்றனர். கடலால் காயம்பட்டவர்கள் பிள்ளைகளைக் கடலிலிருந்து ஒளித்து வைக்கவில்லை. நீந்தவும் படகு ஓட்டவும் கற்பித்து அனுப்பியிருக்கின்றனர்.

அச்சம் ஒருபுறமிருக்க, இன்னொரு காரணமும் நம்மிடம் உண்டு. அதை மலர்களில் எழுதுவதில்லை. எழுதத்தான் வேண்டும். கடலோடு வாழ்வோரைக் கீழாக நோக்கும் பழக்கம் நம் ஊரில் இருந்தது. வயலுக்கும் கந்தோருக்கும் கொடுத்த மதிப்பை வள்ளத்துக்கு நாம் கொடுக்கவில்லை. படிக்காத பிள்ளையைத் திட்டும்போது கரைவலையைச் சொல்லித் திட்டிய வீடுகள் எத்தனை! அந்நோயை விமானத்தில் ஏற்றி இங்கும் கொண்டு வந்துவிட்டோம். கயிறு இழுக்கவும் பாத்திரம் கழுவவுமா பிள்ளையைப் படிக்க வைக்கிறோம் என்று தந்தையொருவர் என்னிடம் கேட்டார். இரண்டு தலைமுறை இந்நாட்டில் வாழ்ந்தும் அக்கேள்வியின் மணம் மாறவில்லை.

அத்தந்தைக்கு நான் கூறிய வரலாற்றை இங்கும் கூறுகின்றேன். வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் 32 அடி நீளமான சிறு பாய்ப்படகில் வாழ்ந்துகொண்டே 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றி வந்தவர். கப்பலின் தரம் அறிந்தவர். அவர் பின்னர் இலங்கையிலே கண்டு விரும்பி வாங்கிய கப்பல் எது தெரியுமா? வல்வெட்டித்துறையில் நம் மேத்திரிமார் வேப்ப மரத்தால் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’. நீளம் ஏறத்தாழ 89 அடி. தம் மனைவியின் பெயரால் அதற்குப் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று புதுப்பெயர் சூட்டினார். அதை அமெரிக்கா வரை செலுத்திச் சென்றவர்களும் நம்மவரே. கனகரத்தினம் தம்பிப்பிள்ளை என்னும் தண்டையலும் அவரோடு வல்வெட்டித்துறை மாலுமிகளும் சூயஸ் கால்வாய் வழியே மத்தியதரைக் கடலைக் கடந்து, அத்திலாந்திக்கைத் தாண்டி, 1938 ஆகஸ்ட் 1 இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தனர். குளொஸ்ரர் மீன்பிடிக்கும் பாய்க்கப்பல்களுக்கும் பேர் போன ஊர். அவ்வூரார் நம் தச்சர் கட்டிய கப்பலைக் காணத் துறைமுகத்தில் கூடினர். நம் யாழ்ப்பாணத்துப் பாடப் புத்தகத்தில் அக்காலத்தில் எத்தனை பேர் இதைப் படித்தோம்?

ஒல்லாந்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனிக்கு ஆறு நகரங்களில் கிளைகள் இருந்தன. ஹோர்ன், எங்ஹவுசன் என்பன அவற்றுள் இரண்டு. வகுப்புக் கப்பல்கள் இன்று புறப்படும் துறைகளும் இவையே. நெடுந்தீவுக்கு ‘டெல்வ்ற்’ என்றும் புங்குடுதீவுக்கு ‘மிடில்பேர்க்’ என்றும் தம் ஊர்ப் பெயர்களை அவர்கள் சூட்டினர். புங்குடுதீவில் வேர் கொண்ட குடும்பத்தின் பேர்த்தி எங்ஹவுசன் துறையில் நின்று, நம்மை ஆள வந்த கப்பல்கள் இவ்வழியே புறப்பட்டன என்று தன் வகுப்பாருக்குக் கூறினால், அவ்வகுப்பின் வரலாற்று ஆசிரியரும் காது கொடுத்துக் கேட்பார். அதற்கு அவள் அங்கே நிற்க வேண்டும்.

தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கொரு சுயநலமும் உண்டு. பிள்ளை கப்பலிலிருந்து சொற்களோடு திரும்பும். முன்பக்கம் ‘பூக்’, பின்பக்கம் ‘ஹெக்’, பாயை மேலேற்றும் கயிறு ‘ஃபால்’, பாயைக் காற்றுக்கேற்ப இழுத்துப் பிடிக்கும் கயிறு ‘ஷொற்’. இவற்றுக்குத் தமிழ் இல்லையென்று எண்ணிவிடாதீர்கள். அணியம், அமரம், ஆஞ்சான், தாமான் என்று நம் கடலோடிகள் வழங்கி வந்திருக்கின்றனர். பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். காற்றுக்கும் திசைதோறும் பெயர் உண்டு. வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான். புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனைப் பாடும்போது, அவன் முன்னோன் காற்றை ஏவல் கொண்டு கலம் செலுத்தியதைக் குறிப்பிடுகின்றார். அச்செய்யுளுக்குப் பொருள் எழுதிய பிள்ளை காற்றை ஏவுவது யாதென்று அறிவதில்லை. தாமானைக் கையில் பிடித்த பிள்ளைக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. ஐந்திணையில் நெய்தலை மனப்பாடம் செய்விக்கிறோம். நெய்தல் நிலம் இரண்டு மணி நேர ரயில் பயணத்தில் இருக்கிறது.

படகையே வீடாக்கி வாழ்ந்தவர்களுக்கு இந்நாட்டில் குறைவில்லை. அவர்களுள் அகதிகளாகிய நாம் அறிய வேண்டியவர் கீல் நகரத்தவரான ஜோர்ஜ் டிபேர்ன். 1930 இல் ‘ரெ ரப்புங்கா’ என்னும் பத்து மீற்றர்ப் படகில் யேர்மனியை விட்டுப் புறப்பட்டார். 1934 இல் நியூசிலாந்தை அடைந்தார். ஹிற்லரின் சுவஸ்திகைக் கொடியைத் தம் படகில் ஏற்ற மறுத்து, 1937 இல் தமக்கெனத் தனிக்கொடி அமைத்துக்கொண்டார். எந்த நாட்டுக் கடவுச்சீட்டும் வேண்டாமென்று 1940 இல் தாமே ஒன்றை எழுதிக்கொண்டார். எல்லா மக்களுக்கும் நண்பன் என்று அதில் தம்மைக் குறித்தார். போர்க்காலத்தில் நியூசிலாந்து அவரைத் தீவொன்றில் அடைத்து வைத்தது. கடவுச்சீட்டுக்காக வாசல் வாசலாக நின்றவர்களுக்கு அம்மனிதரின் துணிவு வியப்பளிக்கும். ஆயினும் அவரை முழுவதும் பின்பற்றுங்கள் என்று கூற மாட்டேன். மனைவியையும் மூன்று பெண் பிள்ளைகளையும் அவர் யேர்மனியில் விட்டுச் சென்றார். அப்பெண்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் அக்கொடி அத்தனை அழகாக இராது.

வட யேர்மனியின் கரையிலிருந்து நம்மவர் புறப்பட்ட கதையும் உண்டு. 1986 ஜூலையில் வேசர் ஆற்றின் பிறாக்கெ துறைமுகத்திலிருந்து 155 தமிழர் சரக்குக் கப்பலொன்றில் ஏறிக் கனடா நோக்கிச் சென்றனர். நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் அவர்கள் இறக்கிவிடப்பட்டனர். மூடுபனியில் அலைந்த அவர்களை ஆகஸ்ட் 11 அன்று கஸ் டால்ரன் என்னும் மீனவர் கண்டு காப்பாற்றினார். இக்கதையை நான் கூறும்போது சில பெற்றோர், ‘பார்த்தீர்களா, இதனால்தான் அஞ்சுகிறோம்’ என்பர். நான் அதிலே காண்பது வேறு. அன்று 155 உயிர்கள் பிழைத்தமைக்குக் காரணம், மூடுபனியில் வழி தெரிந்த ஒருவர் அக்கடலில் இருந்ததே. இந்நாட்டிலும் அத்தகையோர் உள்ளனர். 1865 இல் கீல் நகரில் தொடங்கிய கடல் மீட்புச் சங்கம் இன்றும் மக்களின் நன்கொடையாலேயே இயங்குகின்றது. கடைகளிலும் உணவகங்களிலும் கல்லாப்பெட்டி அருகே இருக்கும் சிறு கப்பல் வடிவான உண்டியலைப் பிள்ளைகள் பார்த்திருப்பீர்கள். அது அவர்களுடையது.

நடைமுறைக் காரியங்கள் சில. கப்பலுக்கு அனுப்ப முன்னர் பிள்ளை நன்றாக நீந்தக் கற்றிருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கலாகாது. கடற்குதிரைச் சின்னம் பெற்றுவிட்டாள் என்று பல பெற்றோர் நிம்மதி அடைகின்றனர். அது தொடக்கம் மட்டுமே. வெண்கலச் சின்னம் பெற்ற பிள்ளையையே நீந்தத் தெரிந்த பிள்ளை என்று இங்குள்ள உயிர்காப்போர் கூறுகின்றனர். அதற்குப் பதினைந்து நிமிடம் நீந்த வேண்டும், அதற்குள் 200 மீற்றரேனும் கடக்க வேண்டும், இரண்டு மீற்றர் ஆழத்திலிருந்து ஒரு பொருளை எடுத்து வர வேண்டும். பரதநாட்டியத்துக்கும் கீபோர்ட்டுக்கும் வாரத்தில் நேரம் ஒதுக்கும் நாம் நீச்சல் தடாகத்துக்கும் ஒதுக்குவோம். அன்னையரும் கற்கலாம். பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்கும் தடாகங்கள் பல உள்ளன.

செலவைக் கண்டு தயங்குவோர், அரச உதவி பெறும் குடும்பமாயின் ‘பில்டுங் உன்ட் ரைல்ஹாபெ’ என்னும் திட்டத்தில் விண்ணப்பிக்கலாம். 2011 முதல் நடைமுறையிலுள்ள அத்திட்டம் பல நாள் வகுப்புச் சுற்றுலாவின் செலவை ஏற்கின்றது. புதிதாக வந்து, வதிவிட அனுமதி இன்னும் முடிவாகாத குடும்பங்களின் பிள்ளைகள் எல்லை கடக்க இயலாதென்று தாமே முடிவு செய்துவிடுகின்றனர். வகுப்போடு செல்லும் மாணவருக்கென ஐரோப்பிய ஒன்றியம் 1994 இல் ஓர் ஏற்பாடு செய்தது. ‘ஷூலர்சம்மல்லிஸ்ற’ என்னும் பெயர்ப்பட்டியலில் வெளிநாட்டவர் அலுவலகம் உறுதி செய்து முத்திரையிட்டால் பிள்ளை வகுப்போடு சென்று வரலாம். வாரக்கணக்கில் நேரம் எடுக்கும் வேலையாதலால் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கடிதம் எழுத நம் ஆசிரியர்கள் உதவுவோம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி எஞ்சிய ஐயத்தையும் பேசிவிடுவோம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறைகள் உண்டு. வழக்கமாக ஆசிரியர் ஒருவரும் ஆசிரியை ஒருவரும் உடன் செல்வர். ஐயமிருப்பின் பெற்றோர் கூட்டத்துக்குச் சென்று கேளுங்கள், அறைகளின் வரைபடத்தையே காட்டச் சொல்லுங்கள். கேட்காமல் புள்ளடியிடுவதுதான் நம் வழக்கமாக இருக்கின்றது. காற்று ஆறு அளவை எட்டினாலே இங்கு எச்சரிக்கை விடுக்கப்படும், கப்பலைத் துறையிலே கட்டிவிடுவதா என்பதைத் தலைவர் தீர்மானிப்பார். மகள் நனைவாள், குளிரில் நடுங்குவாள், முதல் நாள் வாந்தியும் எடுக்கலாம். இரண்டாம் நாள் தோழியரோடு சேர்ந்து ஆஞ்சானை இழுப்பாள்.

மழை அங்கி, கம்பளித் தொப்பி, வழுக்காத சப்பாத்து என்று பாடசாலை ஒரு பட்டியல் தரும். அதில் இல்லாத ஒன்றை நான் சேர்க்கின்றேன். இரண்டு கிலோ பருப்பும் ஒரு சிறு போத்தல் மிளகாய்த்தூளும் பையில் வைத்து அனுப்புங்கள். சமையல் முறை நம் பிள்ளைக்கு வரும் நாளில் இருபத்தைந்து பேருக்குப் பருப்புக்கறி ஆக்கட்டும். அளவு தெரியாவிட்டால் புறப்படுவதற்கு முந்திய சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலைச் சமையற் கூடத்துக்கு வரச் சொல்லுங்கள். நம் அன்னையர் சங்கத்தார் பெரிய பானையில் சமைத்துக் காட்டுவர்.